மஞ்சள் தண்ணீர் படாத இரும்புக்கல்

குலசேகரன்பட்டினம் பக்கம் ஒரு கொல்லர் கல்லை வறுத்து இரும்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் போனேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டுகிறாள்.

தூத்துக்குடியில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். அங்கே வண்டி மாறி இன்னும் பதினைந்து. கடைசித் துண்டுக்கு ஆட்டோ, நூறு ரூபாய். “கல்லு வேகுததப் பாக்கவா வாரீய அண்ணாச்சி? போன தடவ அது வேகவே இல்ல” என்றார் ஓட்டுநர்.

கொல்லர் முருகையாவுக்குப் பொறி பட்டுக் கண் மங்கியிருந்தது. பார்வை திரும்பினால், தானே கல்லிலிருந்து இரும்பெடுத்து அருவாள் அடித்துச் சாத்துவதாகச் சுடலைக்கு நேர்ந்துகொண்டார். பார்வை வந்துவிட்டது. இரும்புதான் வரவில்லை. கடை அருவாளை வாங்கிச் சாத்தினால் நேர்ச்சை தீராது. கொடைக்குள் இன்னும் ஒருமுறைதான் உலை மூட்ட முடியும். அதற்கு மேல் கரி இல்லை.

செம்மணல் தேரியோரம் பொறுக்கிய கல்லை விறகோடு அடுக்கி, முந்தின நாளே தீ வைத்திருந்தார்கள். பழுப்புக் கல் கருஞ்சிவப்பாகி வெடித்துக் கிடந்தது. பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கிட்டே காட்டினார். வறுக்காத பச்சைக் கல் அசையவில்லை, வறுத்த கல் தாவி ஒட்டியது. சுத்தியலால் தட்டினால் புளியங்கொட்டை அளவுக்கு உதிர்கிறது.

அப்போது அவர் மனைவி பேச்சியம்மாள் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். சாமிக்கு உள்ளதைக் குளிப்பாட்டாமல் உலையில் இடக்கூடாதாம். போன தடவையும் அப்படித்தான் செய்திருக்கிறாள். ஈரம் குடித்த கல் உலைக்குள் பொரிந்து பொடியாகி, காற்றுப் போகும் வழியை அடைத்துவிட்டது. முருகையா செம்பில் விரலை நனைத்தார். ஒரு கல்லின்மேல் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். சொட்டு இருந்த இடம் தெரியவில்லை.

“பாத்தியாளா, எப்படிக் குடிக்குன்னு.”

“அதுக்காவ அழுக்கோட சாமிக்குக் குடுக்கச் சொல்லுதீயளா?”

அடுக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, “ராவும் பகலும் தீயில குளிச்சிருக்கு. அதுக்கு மேல என்ன குளி” என்று சொல்லி, தண்ணீரை இரும்பு அடிக்கும் பட்டறைக் கல்லின்மேல் ஊற்றினாள்.

வறுத்த கல்லையும் கரியையும் மண் உலையில் போட்டு ஊதி, அன்று சாயங்காலம் உலையை உடைத்தபோது தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி கிடைத்தது. அடித்துக் கசடு போனபின் ஒரு சாண் அருவாள். கொடையன்று மறுபடியும் போய், ஆள் உயர அருவாள்களுக்கு நடுவில் அதைக் கண்ணால் தேடித்தான் பார்த்தேன். வாங்கிச் சாத்தியது இல்லை என்று ஊருக்கே தெரியும்.

இரும்பு வந்துவிட்டதால் முருகையாவும் பேச்சியம்மாளும் அடுத்த வருஷமும் கல் வறுப்பதாகச் சொல்கிறார்கள். போகிறவர்கள் தோல் செருப்புப் போட்டுப் போங்கள், ரப்பர் உருகும். தண்ணீரை ஆட்டோவிலேயே குடித்துவிடுங்கள். உலைப் பக்கம் வருகிறவர்களின் பாட்டிலை வாசலிலேயே பேச்சியம்மாள் பிடுங்கி வைத்துக்கொள்கிறாள்.