வண்டிச் சத்தம்

என் வீட்டுக்காரருக்குக் காது போனபோது அவர் வருத்தப்பட்டது என் குரல் கேட்காததற்காக அல்ல, எங்கள் அம்பாசிடர் காரின் சத்தம் கேட்காததற்காகத்தான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதை டூரிஸ்ட் டாக்சியாக ஓட்டித்தான் அவர் குடும்பத்தைக் காப்பாற்றினார். மைசூர், ஊட்டி, திருப்பதி என்று சுற்றிய மனிதர். எங்கே கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பிறகு, காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு இறுகிக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் என்றதும் இவர் எழுந்து வந்துவிட்டார். காதில் மாட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். கொய்யென்று கத்துகிறது என்று கழற்றியவர் அப்புறம் அதைத் தொடவே இல்லை. பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காதவன் ரோட்டில் இறங்கக் கூடாது என்று தானே முடிவு செய்து, வண்டியை எங்கள் ஆஸ்டின் டவுன் சந்தில் புங்க மரத்தடியில் நிறுத்தினார். அதோடு சரி.

வண்டிக்குள் பூனை குட்டி போட்டது. எலிகள் ஒயர்களைத் தின்றன. டயர்கள் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டன. எனக்குத் தொண்டை பெரிது, சந்து முனை வரை கேட்கும். முன்பெல்லாம் நான் சாப்பிடக் கூப்பிட்டால் வண்டிக்கு அடியிலிருந்து “வரேன், கத்தாத” என்று பதில் வரும். அப்போது அது எரிச்சலாக இருந்தது. அது நின்றுபோன பிறகு வீடு வெறிச்சோடிப் போனது. தோளைத் தட்டிக் கூப்பிடுவேன், கையால் சைகை காட்டுவேன். போகப்போக இரண்டு பேருமே பேச்சைக் குறைத்துக்கொண்டோம்.

போன வருடம் மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். சாக்கடை வேலைக்காகச் சந்தைத் தோண்டப் போகிறார்களாம். ஓடுகிற வண்டியாக இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கிரேன் வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கையைக் கொக்கிபோல் வளைத்து அவருக்குப் புரியவைத்தேன். நேராக உள்ளே போய்ப் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

பக்கத்துத் தெருவில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாய் அவருக்கு நெடுநாள் சிநேகிதர். இருவரும் பானெட்டைத் திறந்தபோது நான் வாசலில் நின்று, “எதுக்கு இந்த வேலை? ஓடினாலும் உங்களுக்கா கேக்கப்போவுது?” என்றேன். அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். பாய் காதில் விழுந்துவிட்டது. பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

எஞ்சின் உள்ளே துருப்பிடித்துக் கெட்டியாக இறுகியிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக ஆயிலை ஊற்றி ஊறவிட்டார்கள். தினமும் காலையில் முன்பக்கத்தில் இரும்பு ஹேண்டிலைச் செருகி, இரண்டு பேரும் அதில் தொங்கிப் பார்ப்பார்கள். அசையாது. இவர் காதுக்குள் இருக்கும் எலும்பும் இப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு ஒருநாள் ஹேண்டில் ஒரு சாண் நகர்ந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது அவர் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது ரொம்ப காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

கிரேன் வருவதற்கு முதல்நாள் எல்லாம் தயாரானது. ஒயர்களை மாற்றி, வேறு டயர்களும் புது பேட்டரியும் மாட்டினார்கள். டேங்க் முழுக்கத் துரு என்பதால், பெட்ரோலை ஒரு பாட்டிலில் ஊற்றி, ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுவதுபோல் பானெட்டில் தொங்கவிட்டு டியூப் கொடுத்தார்கள். பாய் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இருமியது. நின்றது. மறுபடி இருமிக் கரும்புகை கக்கியது. அப்புறம் பிடித்துக்கொண்டது.

உடம்பெல்லாம் எனக்குப் புல்லரித்துவிட்டது. வருடக்கணக்காகக் கல்லாகக் கிடந்த ஒன்று எங்கள் கண்ணெதிரே மூச்சு விட்டது. கூரைமேல் படிந்திருந்த புங்கஞ்சருகெல்லாம் நடுங்கி நடுங்கி வழுக்கி விழுந்தது. கண்ணாடிகள் கடகடத்தன. பூனை ஒரே பாய்ச்சலில் மதிலேறியது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். தீபாராதனைக்குக் குவிப்பதுபோல என் கைகள் தாமாகக் குவிந்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன்.

அவர் மட்கார்டில் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, “சத்தம் எப்படி இருக்கு?” என்று கேட்டார். அதற்கு என்ன சைகை காட்டுவது? கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். என் மனசு நோகக்கூடாது என்பதற்காகத் தலையாட்டினார்.

பிறகு கார்புரேட்டரைச் சரிசெய்யக் குனிந்தார். இரண்டு கையிலும் வேலை இருந்ததால் நீள ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டார். அதன் முனை எஞ்சினில் பட்டது. பாம்பை மிதித்தவர்போல அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி கடித்து, முனையை எஞ்சின்மேல் வைத்தார். கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்தது.

“கேக்குது,” என்றார். “பாய், கேக்குதுய்யா. கடைசி வால்வு தட்டுது பாரு.”

பாய் இறங்கி வந்து காதை வைத்துக் கேட்டார். “ஹவ், ஆமாண்ணா! தட்டுது! அரே, உனக்கு எப்படி...”

பல்லில் படுகிற அதிர்வு மண்டை எலும்பு வழியாகவே உள்ளே போய்விடுமாம். பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது எனக்கு அதிசயம்தான், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அவர் எஞ்சினின் ஒவ்வொரு மூலையிலும் முனையை வைத்துக் கேட்டுக்கொண்டே போனபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஒரு இரும்புக்குக் கிடைப்பது எனக்குக் கிடைக்கக் கூடாதா? விறுவிறுவென்று போனேன். முனையைப் பிடித்து என் பக்கம் இழுத்து, முந்தானையால் கிரீஸைத் துடைத்து, சந்தே பார்க்க அதை நான் கடித்துக்கொண்டேன். வாயெல்லாம் பெட்ரோல் கசப்பு. மறுமுனை அவர் பல்லில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது எனக்கு ஒன்றும் புதிதில்லை.

“சோறு ஆறுது,” என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன வரும்?

மட்கார்டில் சாய்ந்தபடி அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பாய் பக்கம் திரும்பினார்.

“வண்டிய ஆஃப் பண்ணு.”

பாய் பதறிவிட்டார். “வேணாண்ணா, ஆஃப் பண்ணா திரும்ப எடுக்குமோ இன்னாவோ. காலைல கிரேன் வருது!” என்று இரண்டு கையையும் ஆட்டினார். காதில் விழாவிட்டாலும் இவருக்கு அது புரிந்தது.

“எடுக்கலன்னா போவட்டும். இது அதிராம இவ பேசறத கேக்கணும்.”

பாய் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. இவர் மறுபடி மரப்பிடியைக் கடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். நான் முனையைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருடமாகச் சொல்லாமல் விட்டதெல்லாம் இருந்தும் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“சோறு ஆறுதுங்க, வாங்க,” என்றேன்.

காக்கிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வரேன், கத்தாத,” என்றார்.