தூதன் நின்ற விதம்

எங்கள் பக்கத்து விஷகடி வைத்தியர் முதலில் காயத்தைப் பார்க்கமாட்டார். செய்தி கொண்டுவந்த ஆளைத்தான் பார்ப்பார். எந்தப் பக்கம் நின்று சொல்கிறான், எந்தக் காலை ஊன்றியிருக்கிறான், தலையைச் சொறிகிறானா, வாயிலிருந்து வந்த முதல் சொல் எது என்று கவனிப்பார். அதை வைத்து விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்வார். அந்த ஆளுக்குத் தூதன் என்று பெயர். நாலு பேருக்கு முன்னால் நிற்கவே கூச்சப்படுகிற நான், என் மனைவிக்குத் தூதனாகப் போய் நின்றேன்.

முள்ளியவளைப் பக்கம் எங்கள் வயலில் அறுவடை முடிந்திருந்தது. காலை ஒன்பது மணியளவில் வைக்கோலை அள்ளிக்கொண்டிருந்தவள் காலை உதறினாள்.

“ஏதோ கொத்திப்போட்டுது” என்றாள்.

கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளிகள். பாம்பின் வால் மட்டும்தான் வைக்கோலுக்குள் தெரிந்தது. அவளுடைய தம்பி தன் ஓட்டோவைக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் வைத்தியர் வீடு.

“ஒருக்கா காட்டிட்டுப் போவம் அத்தான்” என்றான். நான் மறுக்கவில்லை.

வைத்தியரின் முற்றத்தில் நான்தான் முன்னால் போய் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு காலையும் நிலத்தில் அழுத்திக்கொண்டு, “கால்” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பயப்பிடாதை. நீ நிண்ட நிலை நல்ல நிலை. விஷம் கொஞ்சம்தான்” என்றார்.

இலைச்சாறு குடிக்கக் கொடுத்தார். அவள் இரண்டு தரம் சத்தி எடுத்தாள், குடித்ததெல்லாம் வெளியே வந்தது. விஷம் வெளியே போகிறது என்றார் அவர். ஒன்றரை மணித்தியாலம் அங்கேயே இருந்தோம். கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது. கடைசியில் அவளே, “வயித்துக்க கொதிக்குது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ” என்றாள்.

ஓட்டோவில் மச்சான் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். “வைத்தியரிட்டப் போனதெண்டு அங்க சொல்லிப்போடாதேங்கோ. நல்ல ஏச்சு விழும்.”

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் இளம் பெண் டொக்டர். நோயாளியைக் கட்டிலில் ஏற்றும்போதே என்னிடம் கேட்டார்.

“எத்தினை மணிக்குக் கடிச்சது ஐயா?”

“அரை மணித்தியாலம் இருக்கும்.”

“வேற எங்கயும் காட்டினீங்களோ?”

“இல்லை.”

“சத்தி எடுத்தவாவோ?”

“இல்லை.”

ஒரு கேள்விக்கே தடுமாறுகிற நான் மூன்றுக்கும் உடனே பதில் சொன்னேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். டொக்டர் எல்லாவற்றையும் தாளில் எழுதினார்.

பிறகு கொஞ்ச இரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் நிறுத்தினார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருவரும் அதைத் தொடக்கூடாதாம். எனக்கு அந்த இருபது நிமிடம் ஒரு போகம் நெல் விளைகிற காலம்போல இருந்தது. கதிரையில் இருந்தேன், எழும்பினேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். சுவரில் சாய்ந்தால் அது கெட்ட குறியோ என்று நிமிர்ந்தேன். நிமிர்ந்தால் ஒரு கால் முன்னே நிற்கிறதே என்று பின்னுக்கு இழுத்தேன்.

“ஊசியைப் போடாமல் போத்திலைப் பாத்துக்கொண்டு நிக்கினம்” என்று மச்சான் முணுமுணுத்தான்.

டொக்டர் வந்து குழாயைச் சரித்தார். இரத்தம் அடியில் கட்டியாகப் பிடித்திருந்தது. ஓடவில்லை.

“இப்ப உறையுது. விஷம் இரத்தத்தைக் கெடுத்திருந்தால் இப்பிடி உறையாது. விஷமுறிவு மருந்து இப்ப போடமாட்டம்” என்றார்.

“ஏன், மருந்து முடிஞ்சுதோ?” என்று மச்சான் கேட்டான்.

“மருந்து கிடக்கு தம்பி. அதே மருந்து சில ஆக்களுக்கு மூச்சை அடைச்சுப்போடும். பயத்துக்காகப் போடேலாது. விஷம் உள்ளுக்க வேலை செய்யுதெண்டதுக்கு ஒரு சாட்சி வேணும். எத்தினையோ பேரின்ரை விஷக்கடியைப் பாத்து எழுதி வைச்சுத்தான் இப்பிடிச் செய்யிறம்.” என் பக்கம் திரும்பினார். “நீங்கள் சொன்னதையும் சேர்த்துத்தான் ஐயா முடிவெடுத்தனான். சத்தியுமில்லை, வயித்துவலி எண்டும் அவா சொல்லேல்ல. கொஞ்சம் பொறுத்துத் திருப்பிப் பாப்பம்.”

அந்தத் தாளில் என்னுடைய பொய்யும் ஒரு சாட்சியாக இருந்தது. டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனேன். ஆட்கள் நின்றார்கள். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். அவர் கை கழுவும்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

“டொக்டர், ஒன்பது மணிக்குக் கடிச்சது. வைத்தியரிட்டப் போனனாங்கள். இலைச்சாறு குடிச்சவா. ரெண்டு தரம் சத்தி. வயித்துக்க கொதிக்குதெண்டும் சொன்னவா.”

அவர் ஏசவில்லை. ஈரக் கையோடு வந்து தாளில் எழுதியிருந்ததை வெட்டி மாற்றி எழுதினார்.

“சாறு குடிச்சு வந்த சத்தியோ, விஷத்தால வந்ததோ தெரியாது. இப்பவே திருப்பிப் பாப்பம்” என்றார். மனைவியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவள் முகம் சுளித்தாள்.

இரண்டாவது குழாய். இன்னொரு இருபது நிமிடம். இம்முறை சரித்ததும் இரத்தம் தண்ணீர்போல ஓடியது.

உடனே எல்லோரும் வேகமானார்கள். மருந்து ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நடுக்கம் வந்தது. கழுத்தெல்லாம் தடித்தது. மருந்தை நிறுத்தித் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். நடுக்கம் அடங்கியதும் மறுபடியும் ஏற்றினார்கள். மச்சான் அதன்பிறகு ஊசியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் கஞ்சி குடித்தாள். வீக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

“டொக்டர் கேட்டபோது நீ ஏன் பேசாமல் கிடந்தனீ?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தனான்.”

“நான் சொல்லாமல் விட்டிருந்தால்?”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நானும் சொல்லியிருக்கமாட்டன். அத்தனை சனத்துக்கு முன்னால உங்களைப் பொய்யன் எண்டு சொல்லுறதே?”

அதைக் கேட்டபின் என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி விறாந்தை முடிவுவரை நடந்தேன். திரும்பி வந்து பார்த்தேன். அவள் நித்திரையாகியிருந்தாள். மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் நடந்தேன்.