கடைசிக் குழியை முதல் குழியாக்கியவர்கள்

போன சனிக்கிழமை வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோல்ப் பற்றி நான் எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். விளையாடத் தெரியாதவனுக்கும் அநியாயம் தெரியும்!

சீனக்குடாவில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற மைதானத்தில் இறுதிப் போட்டி. ஒருவர் கிண்ணியாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் நண்பர் நசீர். மற்றவர் வங்கி மனேஜர் சிவபாலன். ஒன்பது குழி. குறைந்த அடியில் முடிப்பவருக்குக் கோப்பை.

குழிகளின் வரிசை சும்மா வந்ததல்ல. முதல் இரண்டும் நேரானவை — கை இளகுவதற்கு. நடுவில் மேடும் மணலும். கடைசியில், கடல் உள்ளே புகுந்த இடத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். முன்னுக்கு நிற்பவருக்கு அங்கே நெஞ்சு இடிக்கும். பின்னுக்கு நிற்பவருக்கு அதுதான் கடைசி நம்பிக்கை. நசீர் வென்றதெல்லாம் அங்கேதான்.

அன்று காலை கமிட்டிச் செயலாளர் வந்தார். கடைசியில் வரும் அந்தத் தண்ணீர்க் குழியில்தான் ஆட்டம் தொடங்குமாம். ஏன்? கொழும்பிலிருந்து வந்த பிரதம விருந்தினர் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம்!

“கை இளகாமல் அதைத் தாண்ட ஏலாது, சேர்” என்றார் நசீர்.

“எது முதல் வந்தால் என்ன? ரெண்டு பேருக்கும் ஒண்டுதானே!”

ஒன்றா? சிவபாலன் எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடிப்பவர். நசீருக்குச் சூடேற நேரம் வேண்டும். மைதானத்துக்கே தெரிந்த விஷயம்.

நசீரின் முதல் பந்து தண்ணீருக்குள் போனது. விருந்தினர் கைதட்டினார்... எதற்கென்று அவருக்கே தெரியாது. பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

நசீர் விடவில்லை. மேட்டிலும் மணலிலும் விட்டதைப் பிடித்துக்கொண்டே வந்தார். கடைசியாக வந்த எட்டாம் குழியோ வெறும் சமதரை. அதை இருவரும் ஒரே கணக்கில் முடித்தார்கள். மொத்தத்தில் நசீருக்கு ஒரே ஒரு அடியால் தோல்வி!

நான் செயலாளரிடம் கத்தப் போனேன். நசீர் என் கையைப் பிடித்தார். “விடுங்கோ, கதைச்சுப் பிரயோசனமில்லை.” முகம் கறுத்துப் போயிருந்தது.

கோப்பைக்குப் பெயர் கூப்பிட்டபோது சிவபாலன் எழும்பவில்லை.

“நான் வெண்ட மாதிரித் தெரியேல்லை. பழைய வரிசையில திரும்ப விளையாடுவம்.”

“அதுக்கு விதியில இடமில்லை” என்றார் செயலாளர்.

“வரிசையை மாத்திறதுக்கு மட்டும் இடமிருக்கோ?”

செயலாளர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் இருவரும் தாங்களாகவே ஆடினார்கள். பார்க்க நான் ஒருவன்தான். கடைசிக் குழிக்கு வரும்போது சரிக்குச் சரி. இரண்டு பந்துகளும் தண்ணீரைத் தாண்டின... நசீர் மறுபடியும் ஒரு அடியால் தோற்றார்!

எனக்கு அழுகை வந்தது. நசீரோ சிவபாலனின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்.

“ஓம், இதுதான் தோல்வி. நேற்று நடந்தது வேற.”

கோப்பையைக் கேட்டு இருவரும் போகவில்லை. அது கமிட்டி அறை அலுமாரிக்குள் இருக்கிறது. அதைப் பூட்டிய திறப்பு செயலாளரின் இடுப்பில். அவரே வைத்துக்கொள்ளட்டும் — சனிக்கிழமை வென்றது அவர்தானே!