முகத்திரையில் கோத்த வசவு

"எலும்பு மண்ணாப் போகலாம், என் வன்மம் மண்ணாப் போகாது" என்று சோளபீர்ப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னால் கொம்பிசீலே ஒருமுறை அறிவித்தாள். துகேலா ஆற்றங்கரையில் இத்தகைய பிரகடனங்களை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதிலும் அவள் மணி கோப்பவள்; எங்கள் பக்கம் மணியின் நிறம்தான் எழுத்து. மற்றவர்கள் வைதால் காற்றோடு போகும். அவள் வைதால் நூலில் நிற்கும்.

வன்மத்துக்குக் காரணம் ஸிபுயிலே என்ற பழைய தோழி. கன்னிப் பருவத்தில் கொம்பிசீலே தன் மனதை வெள்ளையும் சிவப்புமாக ஒரு மாலையில் கோத்து, அதை பெகுயிஸே என்ற இளைஞனிடம் சேர்க்கச் சொல்லி அவளைத் தூது அனுப்பினாள். போனவள் பெகுயிஸேயின் மனைவியானாள். மாலை போய்ச் சேர்ந்ததா என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து உண்டு. தூது போனவள் அவனிடம் போய்ச் சேர்ந்தாள் என்பதில் ஒரே கருத்துதான்.

அன்று முதல் கொம்பிசீலே வளர்த்த நாய்களுக்கெல்லாம் ஒரே பெயர்: உம்தாத்திலே. 'அவனை எடுத்துக்கிட்டே' என்று பொருள். அண்டை வீட்டாரிடம் நேரே சொல்லக் கூசுவதை நாய்க்குப் பெயராக வைத்துக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. ஸிபுயிலே தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் நாய்க்கு உரத்த அழைப்பு வரும். களி கிடைக்குமென்று ஓடிவந்து ஏமாந்தே ஒவ்வொரு நாயும் இளைத்தது.

இந்நிலையில் ஸிபுயிலேயின் மகள் புசெலாபிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணப்பெண்ணின் முகத்தில் தொங்கும் மணித்திரையைக் கோக்க அந்த வட்டாரத்தில் வேறு கை கிடையாது. சொல்லியனுப்பினார்கள். கொம்பிசீலே உடனே ஒப்புக்கொண்டாள். அந்த வேகத்தைப் பார்த்தே ஊர் கலங்கியிருக்க வேண்டும்.

வெள்ளைச் சரங்களுக்கு நடுவே, சரியாக மூக்குக்கு நேராக, கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி இறக்கினாள். எங்கள் பெண்களுக்கு அது பட்டவர்த்தனம்: 'அடுத்தவள் ஆளை அள்ளுகிற குடும்பம்.' புசெலாபி ஆடிக்கொண்டே மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் நுழைந்ததும் மாமியாரும் நாத்தனார்களும் படித்துவிடுவார்கள். பிறகு சாகும்வரை அந்த வீட்டில் அவள் திருடி மகள்தான். வேலை முடிந்ததும் கொம்பிசீலே பாட்டுக்கூடப் பாடினாளாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பெண்ணே வந்தாள். திரையை வாங்கி விரலால் தடவிக்கொண்டே போனாள். நடுச்சரத்தில் விரல் நின்றது. கொம்பிசீலே அழுகையை எதிர்பார்த்து, பாயில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

புசெலாபி அழவில்லை. திரையை நெற்றியில் வைத்துக் கட்டிப் பார்த்தாள்.

"என்னடி, ஒண்ணும் கேக்கலையா?"

"அம்மா கேக்கக் கூடாதுன்னாங்க பெரியம்மா. 'அவ எதைக் கோத்திருந்தாலும் கட்டிக்கோ, அது எனக்கு வரவேண்டியது'ன்னாங்க."

"நீ என்ன சொல்றே?"

"பயமாத்தான் இருக்கு. கட்டிக்கிறேன்."

இத்தனை காலம் சண்டைக்கு வராத ஸிபுயிலே தண்டனைக்கு மட்டும் ஒழுங்காக வந்து நிற்பது எந்தப் பழிவாங்கலுக்கும் அடுக்காத முறைகேடு. அதுவும் மகளின் முகத்தை முன்னே அனுப்பிவிட்டு. கொம்பிசீலே அந்தப் பெண்ணின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாடா நீளமா இருக்கு. குடு."

சோளக்கூழ் ஒரு குவளை ஊற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"குடிச்சிட்டு இரு. நேரமாகும்."

முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, நடுச்சரத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள். கறுப்பும் மஞ்சளும் மடியில் உதிர்ந்தன. வெள்ளை மணிகளை ஊசியில் ஏற்றத் தொடங்கினாள்.