காலுறையும் கண்மருந்தும்

காலையில் மதாம் லூசியின் அறைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். குளித்து, உதட்டுச் சாயம் பூசி, மேல்கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கால்கள் மட்டும் வெறுமையாக இருக்கும். கால் வீக்கத்துக்கு மருத்துவர் சொன்ன இறுக்கமான காலுறையைக் குனிந்து மாட்ட அவரால் முடியாது. நான் மாட்டிவிட்டதும் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிடுவார். பிரான்சில் லியோனுக்குப் பக்கத்து முதியோர் இல்லமொன்றில் நான் உதவியாளராகச் சேர்ந்த 2005ஆம் ஆண்டு அது. பிள்ளைகள் துரத்திவிட்டார்களா என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மகன் ஞாயிறுதோறும் பூங்கொத்தோடு வந்தான். ஒரு ஜோடி காலுறைக்காகவா தோட்டத்தோடு இருந்த சொந்த வீட்டை விட்டு இங்கே வந்தார்?

ஒருநாள் என் அரைகுறை பிரெஞ்சில், ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மதாமின் முகம் வெளுத்தது. அறையைக் காலி செய்யச் சொல்கிறேன் என்று எண்ணி நேராக மேலாளரிடம் போய்விட்டார். மேலாளர் சிரித்து இருவரையும் உட்காரவைத்த பிறகே மதாம் விளக்கினார். வீட்டுக்கும் தாதி வருவாளாம். ஒருநாள் எட்டு மணிக்கு வருவாள், ஒருநாள் பதினொன்றுக்கு வருவாள். அதுவரை செருப்பு போட முடியாமல் கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் என்றார். எனக்கு அது பாதிதான் விளங்கியது.

அடுத்த ஆண்டு மரக்காணத்திலிருந்து அண்ணன் ஏழுமலை போன் செய்தான். அப்பா முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்கிறாராம்.

"நீ அங்க அந்த வேலதானே பாக்குற? வந்து அவருக்கு எடுத்துச் சொல்லு. ஊரே என்னைக் காறித் துப்பும்."

லீவு போட்டு வந்தேன். வாழ்நாளெல்லாம் உப்பளத்து வெயிலில் நின்றவர் அப்பா. இப்போது கண்ணில் அழுத்த நோய். மூன்று வேளை சொட்டு மருந்து. கை நடுங்குவதால் அதை மட்டும் அவரால் ஊற்றிக்கொள்ள முடியாது. மற்றபடி சோறு வடிப்பார், உப்பளம்வரை நடந்து வருவார். அண்ணன் ஆரோவில்லில் டிரைவர், அண்ணி குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல். பகலில் வீட்டில் ஆளில்லை.

உப்புப் பாத்திகளின் வரப்பில் அப்பாவோடு நடந்தபடி ஏன் என்று கேட்டேன்.

"மத்தியானம் ஒரு சொட்டு ஊத்த யாராச்சும் வருவாங்களான்னு தெருவையே பாத்துக்கினு கெடக்குறேன். உங்க அண்ணி பஸ் புடிச்சி ஓடி வர்றா. லேட்டா வந்தா அவ மேல கோவம் கோவமா வருது. மகராசி, அவ என்னா பண்ணுவா? எனக்கு இது புடிக்கலம்மா."

மதாம் சொன்னதன் மீதிப் பாதி அப்போதுதான் விளங்கியது. அப்பா போகட்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். முணுமுணுத்தபடியே அவனும் எங்களோடு கிளம்பினான்.

புதுச்சேரியில் சிஸ்டர்கள் நடத்தும் இல்லம். போய்ச் சேர்ந்ததும் ஒரு சிஸ்டர் வந்து மருந்தை ஊற்றினார். அப்பா சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று தெருவில் இறங்கிவிட்டார். அழத் தயாராக வந்த அண்ணனும் நானும் வெறும் அறையில் நின்றோம். என் கை சும்மா இருக்கவில்லை. அப்பாவின் கட்டில் விரிப்பை, லியோனில் செய்வதுபோல மூலை மடித்துச் செருகத் தொடங்கினேன். வேறொரு சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"நீங்க புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களா?"

இல்லை, மகள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வேலைப் பழக்கத்தில் வந்தது 'வீ' என்ற பிரெஞ்சு ஆமாம். விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அண்ணன், என்னைப் பார்த்துப் பார்த்து அதன் மூலையை மடிக்கத் தொடங்கினான்.