செட்டு மாத்திரையும் கக்கூஸ் பூட்டும்

அஞ்சலாட்சி அக்காவை நெனச்சா எனக்கு இப்பவும் பத்திக்கினு வருது. நெல்லித்தோப்புப் பக்கம் எங்க மீன் கடைத்தெருவுல நான் மீன் விப்பேன், அது பக்கத்துல ஒக்காந்து செதில் எடுத்து ஆஞ்சு குடுக்கும். வஞ்சரமோ சுறாவோ, அது கையில துண்டு ஒரே அளவா வுழும். புருஷன் கடலோட போனப்புறம் அருவாமணைக்கு முன்னாடி ஒக்காந்ததுதான். ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்தும் இன்னமும் எழுந்துக்கல.

காலை மடக்கி ஒக்காந்தே முட்டி போச்சு. மீனை அழுத்தி அழுத்தி மணிக்கட்டும் போச்சு. எப்பவோ ஆஸ்பத்திரியில குடுத்த பிரஷர் மாத்திரையைத் தினமும் போடும், ஆனா வலிக்கு டாக்டர்கிட்ட போக்கான்னா போவாது. மருந்துக்கடை பாலாஜிகிட்ட, "தம்பி, வலிக்கு ஒரு செட்டு குடு"ன்னு நிக்கும். அவனும் அட்டையில இருந்து ரெண்டு மூணு மாத்திரையைக் கத்தரிச்சு, பேரு கூடத் தெரியாம காகிதத்துல மடிச்சுக் குடுப்பான். பிரஷர் இருக்கா, வேற மாத்திரை போடறியான்னு ஒரு வார்த்தை கேட்டானா? வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தான்?

அக்கா அதைக் காலையில வெறும் வயித்துல முழுங்கும். "தின்னுட்டுப் போட்டா மருந்து சோத்துல கலந்து வீணாப் பூடும்டி"ன்னு எனக்கே பாடம் எடுக்கும். ஒரு மடக்கு கடுங்காப்பி, அவ்ளோதான். அப்புறம் கடை கட்டற வரைக்கும் பல்லுல பச்சத்தண்ணி படாது. நாங்க எல்லாருமே அப்டித்தான். குடிச்சா எங்க போறது? கடைத்தெருவுக்குன்னே கட்டுன கக்கூஸு இருக்குது. அதுல கடைத்தெரு குத்தகைக்காரன் பலராமன் பூட்டு தொங்குது. மீன்காரிங்க போனா நாறுதாம். படுபாவி, எங்க கையில இருந்து கடைக் கட்டணம் வாங்குறப்ப மட்டும் நாறாது!

"எல்லாரும் சேந்து போயி கேப்போம் வாக்கா"ன்னு எத்தினி வாட்டி கூப்புட்டேன். "வுடுடி, அடக்கிக்கினா ஆச்சு, எதுக்கு வம்பு?" அதோட பேச்சு முடிஞ்சிடும்.

போன சித்திரை வெயில்ல, கொடுவா ஒண்ணைப் பாதி ஆஞ்சுக்கினு இருந்தப்பவே சாஞ்சிடுச்சு. வாந்தி, ஒண்ணுக்கும் சரியாப் போவலன்னு அப்பத்தான் வாயைத் தொறக்குது. ஆட்டோவுல போட்டுக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்.

ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, என்னா மாத்திரை போட்டீங்கன்னு டாக்டரம்மா கேட்டுது. அக்கா முந்தானையில முடிஞ்சிருந்த காகிதத்தை அவுத்துக் காட்டிச்சு.

"பிரஷர் மாத்திரையோட இந்த வலி மாத்திரையும் தினமும் போட்டு, தண்ணியும் குடிக்காம இருந்திருக்கீங்க. கிட்னி அடி வாங்கியிருக்கு. இப்பவே நிறுத்தினா தேறிடும். இனிமே எங்களைக் கேக்காம எந்த வலி மாத்திரையும் தொடக்கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா டயாலிசிஸ்ல கொண்டு போயி வுட்டுரும்."

வூட்டுக்கு அனுப்பறப்ப, வேளைக்கு சாப்புடணும், தண்ணி நல்லா குடிக்கணும்னும் சொல்லுச்சு.

"குடிச்சா எங்கம்மா போறது?"ன்னு அக்கா கேட்டுச்சு.

தேறி வந்து மறுபடியும் அருவாமணை முன்னாடி ஒக்காந்துச்சு. ஒரு பாட்டில் தண்ணியை எதிர்ல வெச்சேன். உச்சி வெயில் ஏறிடுச்சு, பாட்டில் அப்டியே இருக்குது. "வூட்டுக்குப் போயி குடிக்கறேன்டி"ன்னுது. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! சாவறதுக்கா ஒன்னைத் தூக்கிக்கினு ஓடுனேன்? ஐஸ் ஒடைக்கிற இரும்புத் தடியை எடுத்துக்கினு நேரா போனேன். போட்டேன் பாரு, பூட்டு மேல.

பலராமன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு ஓடியாந்தான். "ஏய் அமிர்தவல்லி! யார் வூட்டுச் சொத்துன்னு ஒடைக்கிற?"

"எங்க அக்கா கிட்னி யார் வூட்டுச் சொத்துடா?"

இன்னொரு போடு. பூட்டு கீழ வுழுந்துச்சு. போலீசுக்குப் போறேன்னு கத்துனான். போ, இன்னாத்தையாவது பண்ணுன்னேன். வாசலை அடைச்சுக்கினு அசையாம நின்னான்.

கடைத்தெருவே பாத்துக்கினு இருக்குது. அக்கா பாட்டிலை எடுத்து, மூச்சு வுடாம மொத்தத்தையும் குடிச்சுது. முட்டியைப் புடிச்சுக்கினு எழுந்து, நொண்டி நொண்டி நடந்து அவன் எதிர்ல வந்து நின்னுச்சு.

"வழி வுடு"ன்னுச்சு.