மரைக்கார் விரித்த சால்வை

மருதாணியில் சிவந்த தாடி, எப்போதும் கலங்கியே இருக்கும் கண்கள். தாய்வழிக் குடிக்கு ஒருவராக எங்கள் பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்களில் அவரும் ஒருவர். எந்தத் தேசத்தில் குண்டு விழுந்தாலும், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளி வாசலில் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அங்கே செத்த பிள்ளைகளைச் சொல்லிச் சொல்லி அழுவார். சால்வை காசால் நிறைந்துவிடும்.

அன்றைக்கும் நிறைந்தது. முதல்நாள் சந்தை ரோட்டில் வாள்வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஓட்டோக்காரனின் மனைவி, கைக்குழந்தையோடு மதிலோரம் நின்றாள்.

“வாற கிழமை அவவுக்கும் இப்பிடி ஒரு சால்வை விரிப்பமே காக்கா” என்றேன்.

“அது ஊருக்குள்ள நடந்த சண்டை தம்பி. வெட்டினவனும் நம்மட குடிதானே? பள்ளியில கதைச்சா ஊர்ர மானம் போயிரும்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பொலிஸ் தேடுவதாகச் சொன்ன அந்த வெட்டியவனே வெள்ளைத் தொப்பியோடு வந்து, சால்வையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளொன்றைப் போட்டான். மரைக்கார் அவன் தலையில் கைவைத்து அவனுக்காக இறைவனிடம் துஆ கேட்டார். கண்ணீர் தாடியில் வழிந்தது.

நடிப்பென்றால் அவரை அன்றைக்கே மறந்திருப்பேன். அது மெய்யான கண்ணீர்.